இரகசியச் சங்கங்களும் நம் இளைஞரும்

தொலைக்காட்சி நாடகமென்றால் மாமியார் மருமகள் சண்டையும் மாங்கல்யத்தின் மகிமையும் தவிர வேறு பொருளில்லை என்று எண்ணிப் பழகிவிட்ட நம்மவர்க்கு, அமெரிக்காவில் ஒரு குண்டர் தலைவனின் குடும்பத்தை வைத்து எழுதப்பெற்ற நாடகம் ஒன்று வியப்பைத் தரக்கூடும். 'சொப்ரானோஸ்' என்பது அதன் பெயர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் ஒளிபரப்பான அதன் ஐந்தாம் பகுதிக்குக் 'கல்லூரி' என்று தலைப்பு. நியூ ஜெர்ஸியில் ஒரு கூட்டத்துக்குத் தலைவனாயிருக்கும் டோனி என்பான், தன் மகளுக்குக் கல்லூரி பார்ப்பதற்காக அவளை மேய்ன் மாகாணத்துக்குக் காரில் அழைத்துச் செல்கிறான். வழியில் மகள், "அப்பா, நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாமா?" என்று கேட்கிறாள். முதலில் மறுக்கிறான், பிறகு பாதியை ஒப்புக்கொள்கிறான். அப்பயணத்திலேயே, முன்னாளில் கூட்டத்தைச் சர்க்காருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றி வாழும் ஒருவன் அவன் கண்ணில் படுகிறான். மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டுப் போய், அம்மனிதனைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். திரும்பி வந்து மகளிடம் பொய் சொல்கிறான். அங்கே வீட்டில் அவன் மனைவி, கணவனுடைய தொழில் இன்னதென்று அறிந்தும் பிள்ளைகளை அந்தப் பணத்தில் வளர்த்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லி அழுகிறாள்.

ஒரு மணி நேர நாடகந்தான். ஆயினும் குண்டர் வாழ்வின் முரண்பாடுகள் முக்கால்வாசி அதனுள் வந்துவிடுகின்றன. கூட்டத்துக்குச் செய்து கொடுத்த சத்தியம் பெரிதா, பெற்ற மகளுக்குச் சொல்லவேண்டிய உண்மை பெரிதா? கொலையை முடித்த கையால் பிள்ளையின் தலையைத் தடவுவது எங்ஙனம்? தீய வழியில் வந்த பொருளைத் தின்றுகொண்டே தெய்வத்தின் முன் கண்ணீர் விட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? கதாநாயகனே கொலை செய்தால் பார்ப்போர் அவனை வெறுத்துவிடுவர் என்று ஒளிபரப்பு நிலையத்தார் முதலில் அஞ்சினராம். பார்ப்போர் வெறுக்கவில்லை. அப்பகுதியை எழுதியவர்களுக்கு எம்மி விருதே கிடைத்தது. குண்டனிடத்தில் மக்களுக்கு இருக்கும் இந்த மயக்கம் அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதன்று என்பதால்தான் இங்கே அதை எடுத்துக்கொண்டோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று 'குண்டர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு தமிழ் இளைஞனின் முகம் பலர் மனத்தில் தோன்றுகிறது. பிறர் அவ்வாறு எண்ணுவது ஒருபுறமிருக்க, நம்மில் படித்துப் பட்டம் பெற்றவர்களே, "தோட்டத்து இரத்தம் அப்படித்தான்" என்று சொல்லித் தலையை ஆட்டுகிறார்கள். பிறவியிலேயே உயர்வும் இழிவும் உண்டு என்னும் வருணாசிரமப் பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன வேற்றுமை? இந்நிலத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு, அடியாட் கூட்டம் ஒரு இரத்தத்தில் பிறக்கவில்லை என்பதும், ஏழைக்கு நீதி வழங்க ஆளில்லாத இடத்தில்தான் அது குடியேறியது என்பதும் எளிதில் விளங்கும்.

1857ஆம் ஆண்டில், அந்நாள் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா என்பவர், ஈயம் தேடும்படி 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறு வந்து கூடும் சேற்று முனையில் இறங்கி அவர்கள் அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலால் 69 பேர் மாண்டனர். எஞ்சியவர் 18 பேர். அவர்கள் இறங்கிய சேற்று முனைதான் கோலாலம்பூர். அப்படிப்பட்ட காட்டில் ஒரு கூலிக்கு நோய் வந்தால் கஞ்சி கொடுப்பவர் யார்? செத்தால் புதைப்பவர் யார்? கங்காணத்துக்கு ஆளின்றிக் கூலியை ஏமாற்றும் முதலாளியிடம் நியாயம் கேட்பவர் யார்? சர்க்கார் என ஒன்று அங்கே இல்லை. சீன நாட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சங்கங்களே இருந்தன. கீ ஹின் என்றும் ஹை சான் என்றும் பெயர் பெற்ற அவை, நள்ளிரவில் சேவலின் கழுத்தை அறுத்து, 36 சபதங்களை வாங்கிக்கொண்டு, ஓர் அந்நியனை ஒரே இரவில் அண்ணன் தம்பிகள் பல நூறு பேருக்கு உடன்பிறந்தான் ஆக்கின. நோயாளிக்கு உதவி, பிணத்துக்குச் சவப்பெட்டி, வழக்குக்குத் தீர்ப்பு ஆகிய மூன்றும் சங்கத்தின் நற்செயல்கள். சூதுக்கூடம், அபினிக்கடை, விலைமாதர் இல்லம் ஆகியவை சங்கத்தின் வருவாய். காட்டிக்கொடுத்தவனுக்குச் சாவு என்பது சங்கத்தின் சட்டம். மேய்ன் மாகாணத்தில் டோனி நிறைவேற்றியதும் அதே சட்டந்தான்.

அச்சங்கங்களின் சரித்திரத்தில் யாப் ஆ லோய் என்ற பெயரை விட்டுவிட்டுப் பேசுதல் இயலாது. 1854ஆம் ஆண்டில் பதினேழு வயதுச் சிறுவனாய் மலாக்காவில் வந்திறங்கி, சுரங்கத்தில் உழைத்து, சமையற்காரனாயிருந்து, பன்றி வியாபாரம் செய்து, பிறகு சுங்கை ஊஜோங்கில் ஒரு காப்பித்தானுக்குப் படைத்தலைவனாகி, 1868இல் கோலாலம்பூருக்கே காப்பித்தான் ஆனவர் அவர். அதற்கு முந்திய ஆண்டு முதற்கொண்டே சிலாங்கூரில் ராஜா மஹ்டிக்கும் ராஜா அப்துல்லா வம்சத்தாருக்கும் கிள்ளானின் வரிப்பணத்துக்காகப் போர் மூண்டிருந்தது. மலாய்ப் பிரபுக்களின் அந்தச் சண்டையில் சீனச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. தெங்கு கூடின் பக்கம் ஹை சான். எதிர்ப்பக்கம் சோங் சோங் என்பவன் தலைமையில் காஞ்சிங் வட்டாரத்துக் கீ ஹின். எதிரியின் தலைக்கு விலை பேசி, கொண்டுவந்தவனுக்கு ரொக்கம் எண்ணிக் கொடுத்தார்கள். 1872இல் கோலாலம்பூர் எதிரிகள் வசமாகிச் சாம்பலாயிற்று. 1873இல் யாப் ஆ லோய் அதை மீட்டு மறுபடியும் கட்டினார். 1881இல் தீயும் வெள்ளமும் ஊரைத் தின்றபின், செங்கல்லால் கட்டவேண்டுமென்று சர்க்கார் உத்தரவு பிறந்தது. அதற்காகச் சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் நம் ரயில்வேத் தொழிலாளர் பல தலைமுறை வாழ்ந்த அந்த ஊரின் பெயருக்குள்ளே ஒரு சங்கத் தலைவரின் செங்கல் இருப்பதை எத்தனை பேர் அறிவர்?

சூதுக்கூடமும் சிறைச்சாலையும் ஒருவர் கையிலேயே இருந்த அந்த மனிதரை 1885இல் அவர் இறக்குமளவும் பிரிட்டிஷார் மதிப்போடு நடத்தினர். இன்றைக்கும் ஊரைத் தோற்றுவித்தவரென்று புகழ்கிறோம். அதைக் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் தலைவன் வென்றால் காப்பித்தான், தோற்றால் கொள்ளைக்காரன் என்ற நீதியை இந்நகரம் தொட்டிலிலேயே கற்றுக்கொண்டது என்பதை மறைக்கலாமா? சுங்கை ஊஜோங் சண்டையில் 1860ஆம் ஆண்டு வெட்டுண்ட காப்பித்தான் ஒருவருடைய கழுத்திலிருந்து வெள்ளை இரத்தம் பாய்ந்ததென்று கதை கட்டி, அவரைத் தெய்வமாக்கி, 1864இல் கோலாலம்பூரில் கோயிலும் எழுப்பினர். சின் சீ சீ யா என்னும் அக்கோயில் இன்றும் மத்தியச் சந்தைக்கு அருகில் உள்ளது. ஈராண்டுக்கு ஒரு முறை என்ன, நாள்தோறும் ஊதுவத்திப் புகைதான். வெட்டுண்டவனைக் கடவுளாக்கும் வித்தையில் நம் நாட்டுப்புறத்தாருக்கு மாத்திரமே பழக்கம் என்று எண்ணியிருந்தோம்!

தமிழ் பேசுவோருக்கும் இதில் பங்கில்லாமற் போகவில்லை. 1867 ஆகஸ்டில் பினாங்குத் தெருக்களில் பத்து நாள் நடந்த கலகத்தில், கீ ஹின் கூட்டத்தாரோடு வெள்ளைக் கொடியாரும், எதிர்க் கூட்டத்தாரோடு சிவப்புக் கொடியாரும் தோளோடு தோள் நின்றனர். அவ்விரு கொடிகளின் கீழும் மலாய்க்காரரோடு தென்னிந்திய முஸ்லிம்களும் இருந்தனர். மொகரம் விழாவில் போட்டிபோட்டு ஊர்வலம் விட்ட குழுக்களே அவை. விழாவுக்குத் தூக்கிய கொடி சண்டைக்கும் பயன்பட்டது. 1890இல் நீரிணைக் குடியேற்றங்களில் இத்தகைய சங்கங்கள் சட்ட விரோதமாயின. சட்டத்தால் சங்கத்தின் பெயர்ப்பலகை போயிற்று, சங்கம் போகவில்லை.

தோட்டங்களில் நிலைமை வேறு. ரப்பர் தோட்டத்துத் தமிழன் சத்தியம் செய்து எந்தக் கூட்டத்திலும் சேரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பிறந்த நாள் முதல் அவன் ஒரு கூட்டத்துக்குள்ளேயே இருந்தான். ஊரிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி, வேலைக்குப் போகும் ஒவ்வொரு தலைக்கும் 'தலைக்காசு' வாங்கினான். கடன் கொடுத்தான், கல்யாணம் முடித்து வைத்தான், அடித்தான். அவனுக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை. லயத்தின் கோடியில் கோயில், மறுகோடியில் கள்ளுக்கடை. அதிகாலைப் பெரட்டில் பெயர் விழாதவனுக்கு அன்று சோறில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும். இதையெல்லாம் சர்க்கார் 'ஒழுங்கு' என்று அழைத்தது. ஆளைப் பிடித்து வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதைத் தெருவில் செய்தால் என்ன பெயர் என்பதை வாசகரே சொல்லட்டும்.

அந்த ஒழுங்கைத் தமிழர் எதிர்த்த விதந்தான் நம் கதையின் நடுநாயகமான பகுதி. 1941ஆம் ஆண்டில், ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கீழ், கிள்ளானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை நிறுத்தம் எழுந்தது. அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. நம் பெண்களிடம் துரைமாரும் 'கறுப்புத் துரை'மாரும் செய்யும் அக்கிரமத்துக்கு முடிவு. கள்ளுக்கடையை மூடுதல். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை. துரையின் முன்னாலும் சைக்கிளில் போகும் உரிமை! கள்ளை நிறுத்து என்று குடித்துப் பழகியவனே கேட்ட அதிசயம் அது. இரவில் கூடவில்லை, முகமூடி இல்லை, சேவலின் இரத்தம் இல்லை. பெயரும் கோரிக்கையும் எழுதிப் பகலில் கொடுத்தார்கள். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர்.

யுத்தம் முடிந்த பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படையும் இவ்வகையதே. ஏ. எம். சாமி என்பார் ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிய அப்படை, சீருடை அணிந்து, அணிவகுத்து, தோட்டந்தோறும் கள்ளுக்கடையை மறித்தது. நேதாஜியின் சேனையில் பழகிய கட்டுப்பாடு பலர் உடம்பில் அப்போது ஊறியிருந்தது. இங்கே ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். தொண்டர்கள் குடித்து வந்தவனைத் தாமே விசாரித்துத் தாமே தண்டித்ததும் உண்டு. நோக்கம் சீர்திருத்தமேயாயினும், நீதிபதியும் தண்டிப்பவனும் ஒருவனே என்றால் அங்கே ஆபத்து முளைக்கத்தான் செய்யும். ஆயினும் அப்படை எவரிடமும் மாதக் காணிக்கை வசூலிக்கவில்லை, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. 1947 மார்ச்சில் டப்ளின் தோட்டத்தில் போலீஸார் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். சாமி சிறை சென்றார். படை கலைந்தது. அடுத்த ஆண்டில் தொழிற்சங்கச் சம்மேளனமும் தடைக்குள்ளாகி, அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பகலில் கூடிய தமிழனை அரசாங்கம் இவ்வாறு நடத்திற்று. இதன் பயன் அப்போது தெரியவில்லை. ஒரு தலைமுறை கழித்துத் தெரிந்தது.

இந்த இடத்தில் சுங்கை வேயை ஒரு முறை பார்த்துவிட்டு வருவோம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் கிடக்கும் இவ்வூரில், இப்பள்ளத்தாக்கின் மாறுதல்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. முன்னே ஈய லம்பமும் பால்மரமும். அவசர காலத்தில் முள்வேலிக்குள் அடைத்த சீனப் புதுக் கிராமம். 1960களில் பெரிய மதுபான ஆலை ஒன்று. 1970களில் வரியில்லா வாணிப மண்டலமும் மின்னணுத் தொழிற்சாலைகளும். (கள்ளுக்கடையை மூட உயிர் கொடுத்த பின், ஆலையே வந்து சேர்ந்ததை என்னென்பது!) ஈயம் தீர்ந்த பெரும்பள்ளம் ஒன்று நீர் விளையாட்டுப் பூங்கா ஆகிவிட்டது. அரசாங்கப் பலகையில் இன்று ஊரின் பெயரே செரி செத்தியா. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களின் கதியும் இதுவே: சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவின் வீடுகளாயிற்று; பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா என்னும் நிர்வாகத் தலைநகராயிற்று.

மரத்தை வெட்டியவர்கள் மரத்துக்கு நட்டஈடு கணக்கிட்டார்கள்; மனிதருக்குக் கணக்கிட மறந்தார்கள். தோட்டத்தை விட்டால் வேலை மட்டுமா போயிற்று? வீடு, பள்ளி, கோயில், ஆயா கொட்டகை, ஆஸ்பத்திரி, பந்து விளையாடிய திடல், கண்டிக்கும் பெரியவர் எல்லாம் ஒரே நாளில் போயின. கங்காணி ஒழிந்தான் என்று மகிழ்வதற்குள், கேட்பாரற்ற நிலையும் வந்தது. குடும்பங்கள் புறம்போக்கு நிலத்துப் பலகை வீடுகளுக்கும், பிறகு அடுக்குமாடிகளுக்கும் சென்றன. தந்தை இரவுக் காவல், தாய் தொழிற்சாலை. மகனுக்கு முழுநேரமும் கிடைத்த ஒரே துணை மாடிப்படியின் அடியில் நின்ற அண்ணன்மார். நகரத்தில் அந்த அண்ணன்மாரின் கூட்டம் புதியதன்று. 1860களின் சீனச் சங்கங்களின் வழித்தோன்றலே. அவற்றுக்கு அடியாட்களாய்ப் போன நம் இளைஞர், நாளடைவில் அதே எண்களைத் தோளில் பச்சை குத்திக்கொண்டு தாமே தலைவரானார்கள். அவ்வெண்களுள் ஒன்று 36. பழைய சபதங்களின் எண்ணிக்கையும் அதுவே. சுமக்கும் பையனுக்கு இது தெரியாது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' என்னும் தமிழ்ப் படத்தை அறியாதவர் தேடிப் பார்த்தல் நலம். தோட்டம் போன பின் புறம்போக்கில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை. காலம் 1990களின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தந்தை, அவன் படித்தே ஆகவேண்டும் என்று அடிக்கிறார். சிற்றப்பன்மாரில் ஒருவன் போதையில் விழுந்து எழுந்தவன். மற்றொருவன் குண்டர் கூட்டத்தில் இருப்பவன். நேர்மையான தகப்பனிடம் கிடைப்பது பிரம்பு. நேர்மையற்ற சிற்றப்பனிடம் கிடைப்பது மரியாதை. சிறுவன் எந்தப் பக்கம் சாய்வான்? மலேசியத் திரைப்பட விழாவில் 2016ஆம் ஆண்டு சிறந்த மலேசியப் படமெனப் பரிசு பெற்றது அது. அதே ஆண்டில் வந்த 'கபாலி'யோ, கோட்டும் சூட்டும் அணிந்த தலைவனைக் கோலாலம்பூர்த் தெருவில் நடக்கவிட்டது. இந்நாட்டில் திரையிடும்போது, முடிவில் அவன் போலீஸில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டார்கள். ஒரு வரி எழுத்தால் இரண்டரை மணி நேர மயக்கம் கலைந்துவிடும் என்று நம்பியவர்களின் குழந்தைமனத்தை மெச்சவேண்டும்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கூட்டங்களைச் சட்ட விரோதமானவை என்று பெயர் சொல்லி அறிவித்தது. அப்போது வெளியிட்ட கணக்கின்படி உறுப்பினர் 40,313 பேர். அவர்களுள் இந்தியர் 28,926 பேர். நாட்டின் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏழு பேரளவில் இருக்கும் நாம், அந்தப் பட்டியலில் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு மேல் இருக்கிறோம். இது போலீஸார் எண்ணிய எண். அவர்கள் கண்ணில் யார் எளிதில் படுகிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கும். ஆயினும் பாதியைத் தள்ளினாலும் வெட்கப்படுவதற்குப் போதுமானது எஞ்சும். இதற்கு இரத்தமே காரணமென்பார் 1941ஐ நோக்கட்டும். அன்று கிள்ளானில் சைக்கிள் உரிமை கேட்டவனுடைய பேரன்தான் இன்று பட்டியலில் இருக்கிறான். இரத்தம் அதேதான், இடையில் மாறியது வேறு. விசாரணையின்றி அடைத்து வைக்கும் அவசரச் சட்டம் 1969 முதல் 2011 வரை கையில் இருந்தும், கூட்டங்கள் அழியவில்லை, வளர்ந்தன.

நம்மவர் பங்குக்கும் வருவோம். கூட்டத் தலைவன் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தால், திருவிழாவில் முதல் மாலை அவனுக்கு. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்கினால், பணம் எங்கிருந்து வந்ததென்று எந்தக் கமிட்டியும் கேட்பதில்லை. நாடகத்தில் டோனியின் மனைவியாவது பாதிரியாரிடம் அழுதாள்; நம் கமிட்டிக்காரர் அழுவதுமில்லை, இரசீது கொடுக்கிறார். தைப்பூசத்தில் முதுகில் எண் பொறித்த சட்டையோடு இளைஞர் வந்ததும், போலீஸார் எச்சரித்ததும் பத்திரிகை படித்தவர் அறிந்ததே. மொகரக் கொடி 1867இல் செய்த வேலையை இன்று காவடிச் சட்டை செய்கிறது.

இன்னொரு காட்சியும் உண்டு. வெட்டுப்பட்டு இறந்த இளைஞனின் சவ ஊர்வலம். மேளம், பட்டாசு, மோட்டார் சைக்கிள் வரிசை. பெட்டியின்மேல் கூட்டத்தின் கொடி. கொடி பிடிப்போரைக் கைது செய்வோம் என்று போலீஸார் சொன்னபின் சில ஊர்களில் அது குறைந்தது, ஒழியவில்லை. அம்பாங் காட்டில் அநாதையாய்ச் செத்தவனுக்குச் சவப்பெட்டி தருவதற்காக எழுந்த சங்கம், நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்த ஒரு வாக்கை மாத்திரம் தவறாமல் காப்பாற்றுகிறது. மகன் யாரோடு சுற்றினான் என்பதே தாய்க்கு அன்றுதான் முழுதாகத் தெரிகிறது. கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பவன், பல சமயங்களில், இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத வயதினன்.